நீல நிறக் கால்

என் இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இராணுவத்தில் இருந்த காலத்தில், ஒரு வயல் வரம்பில் மிதிவெடியில் போனது. அப்போது எனக்கு முப்பத்துமூன்று வயது. இப்போது அறுபத்துமூன்று. இதைச் சொன்னதும் ஆட்களுடைய முகம் ஒரு மாதிரி இளகும். அந்த இளகின முகத்தை நான் நம்புவதில்லை.

காரணம் இருக்கிறது. சில வருசங்களுக்கு முன் ஏதோ ஒரு சங்கத்திலிருந்து வான் ஒன்றில் வந்து இறங்கினார்கள். பெரிய பதாகை, இரண்டு கமரா, பத்துக் கிலோ அரிசிப் பை ஒன்று. “காக்கா, சாரத்தைக் கொஞ்சம் உயத்துங்க, கால் தெரியட்டும்” என்றான் கமராக்காரன், அண்ணன் முறை வைத்து. உயர்த்தினேன். படம் எடுத்தார்கள், போனார்கள். அரிசி நல்ல அரிசிதான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அதில் சோறு தின்ற ஒவ்வொரு நாளும் சாரத்தை உயர்த்திக்கொண்டு நிற்கிற மாதிரியே எனக்கு இருந்தது.

குச்சவெளியில் எனக்குத் தொழில் கரைவலை. வலையைப் படகில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போடுவோம். பிறகு பதினெட்டுப் பேர் கரையில் நின்று இரண்டு பக்கக் கயிற்றையும் இழுப்போம். வலை கரைக்குக் கிட்ட வரும்போது ஈயம் கட்டிய அடிக்கயிறு மேலே எழும்பினால் மீன் முழுக்க அதற்குக் கீழால் ஓடிவிடும். அதனால் ஒரு ஆள் முழங்கால் தண்ணீரில் நின்று, கையால் பக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலால் அடிக்கயிற்றை மிதித்து மிதித்து வரவேண்டும். எல்லாரும் பயப்படுகிற இடம் அது. வலைக்குள் திருக்கை மீன் கிடக்கும். அதன் முள் ஏறினால் எந்த வீரனும் உம்மா என்று கத்துவான். நான் மாட்டியிருக்கிற பைபர் இடது காலுக்கு எந்தத் திருக்கையும் ஒன்றும் செய்ய ஏலாது. இரண்டு தரம் குத்தியிருக்கிறது. முள்தான் முறிந்தது. பதினாறு வருசமாக அந்த இடம் என்னுடையது. யாரும் இரங்கித் தந்ததில்லை.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. பருவத்தின் முதல் வலைக்கு யார் கயிற்றில் கை வைத்து, மீன் கரையேறும் வரை எடுக்காமல் நிற்கிறானோ அவனுக்குத்தான் அந்தப் பருவம் முழுக்கப் பங்கு. மற்றவன் அடுத்த வருசம் வரை கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாம்.

இந்த வருசம் நோன்புப் பெருநாள் கழிந்து மூன்றாம் நாள், கிணற்றடியில் குளித்துக்கொண்டு நிற்கும்போது கால் வெடித்தது. பின்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு சாண் நீளத்துக்குப் பிளவு. கால் செய்கிற இடத்துக்கு மகள் பஹ்மியா போன் எடுத்துக் கேட்டாள். இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்கு முன்னால் வரிசையில் எத்தனையோ பேர். ஆனால் முதல் வலைக்கு இருந்தது ஒன்பதே நாள்.

வலைக்குச் சொந்தக்காரர் முனீப், எங்கள் சம்மாட்டி. என்னைவிட இருபது வயது இளையவர். அன்றைக்குப் பின்னேரமே வீட்டுக்கு வந்தார்.

“காக்கா, இந்தமுறை கரை மேல குந்தி இருந்து கயிறு சுத்துங்க. பங்கு அதே பங்குதான்.”

“இருந்துகொண்டு வாங்குற பங்கு எனக்கு வேணாம்.”

“அப்ப நிண்டுகொண்டு வாங்குங்க. எந்தக் காலில எண்டு மட்டும் சொல்லுங்க.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாசலைக் காட்டினேன். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழும்பிப் போனார். இந்த வருசம் இருந்து கயிறு சுற்றினால் அடுத்த வருசம் பாதிப் பங்கு, அதற்கடுத்த வருசம் ஒரு பொட்டலம் மீன், பிறகு ஒரு ஸலாம். என் கணக்கு அப்படித்தான் ஓடியது. என் இடத்துக்கு அவருடைய மச்சினனைப் போடப் போகிறார் என்றும் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து என் மனைவி பரீனா வெயிலில் முகம் சிவக்க வீட்டுக்குள் வந்தாள்.

“எங்க போன நீ?”

“சல்லி ஊருக்கு. அங்க பைபர் போட் திருத்திற சோமசேகரம் எண்டு ஒரு ஆள் இருக்கார். காலைக் கொண்டு வரட்டாம், பாப்பமாம்.”

“ஆர் உன்னைப் போகச் சொன்னது?”

“கால் இல்லாத மனிசன் நாள் முழுக்க வீட்டுக்குள்ள இருந்து என்னைப் படுத்துற பாட்டுக்கு, பஸ்ஸில போறது எவ்வளவோ சுகம்.”

என்னோடு வலை இழுக்கிற வல்லிபுரத்துக்குச் சல்லியில் சொந்தக்காரர் உண்டு. அவனிடம் விசாரித்தேன். சோமசேகரம் நல்ல வேலைக்காரன்தான் என்றான். பிறகு குரலைக் குறைத்து, “அவற்ற தம்பி சண்டைக் காலத்தில காணாமப் போனவன், காக்கா. இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்” என்றான்.

அப்படிப்பட்ட ஆள் ஒரு பழைய ஆமிக்காரனுக்கு ஏன் கால் திருத்துவான்? ஆனாலும் போனேன். ஊன்றுகோலோடு பஸ்ஸில் ஏறி, காலை உரப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு போனேன். வேறு வழியில்லை.

சோமசேகரம் ஒல்லி ஆள். கண்ணிமையிலும் புருவத்திலும் பைபர்த் தூள். சாரத்தில் ரெசின் பசை ஊறிக் காய்ந்து பலகை மாதிரி நின்றது. காலை வெளியே எடுத்ததும், போட்டைப் பார்க்கிற மாதிரியே கை முட்டியால் மேலிருந்து கீழாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

“இது என்ர சாமான்தானே. பயப்பிடத் தேவையில்லை. எத்தின வருசம் கடல்ல ஓடினது?”

“இந்தக் கால் ஏழு வருசம்.”

“எஞ்சின் இல்லாமல் ஏழு வருசமா! நல்ல ஓட்டம்தான், காக்கா.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே கேட்டேன். “நான் ஆமியில இருந்தவன். தெரியுமா?”

“உங்கட மனிசி வாசல்ல வச்சு முதல் சொன்னதே அதைத்தான்.”

“பிறகேன் செய்யிறீங்க?”

“அவ காலுக்குத்தான் கேட்டவ. ஆமிக்குக் கேட்கேல்லையே.” பிளவை விரலால் தடவிப் பார்த்தார். “தம்பியைத் தேடித் தேடி நான் எத்தினை அரசாங்கக் கந்தோர் வாசல்ல நிண்டனான் எண்டு உங்களுக்குத் தெரியாது. இப்ப நிக்க ஏலாமல் ஆரும் வந்தால் எனக்குக் கால் உளையுது. அவ்வளவுதான். அந்தக் கதிரையில இருங்கோ.”

இருந்தேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. அதுவும் ஒரு தந்திரமாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

“வேற ஏதும் இருக்கா? காலைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது?”

“ஒண்டுமில்லை” என்றேன்.

காலை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அன்று இரவே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாத தூற்றல். ஈரக் காற்றில் ரெசின் இறுகாது, பொறுக்கச் சொல்லுங்கள் என்று சோமசேகரம் போனில் சொன்னதாகப் பரீனா சொன்னாள். முதல் வலை ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மழை விட்டது, கால் வரவில்லை. எல்லாம் முடிந்தது என்று பாயில் கிடந்தேன்.

ஞாயிறு காலை முனீப் கடலைப் பார்த்துவிட்டு, “நீரோட்டம் சரியில்லை. வலை போடேலாது” என்று சொல்லிவிட்டாராம். திங்களும் அதையே சொன்னார். செவ்வாய் நானே ஊன்றுகோலோடு கரைக்குப் போய்ப் பார்த்தேன். கடல் எண்ணெய் ஊற்றின மாதிரிக் கிடந்தது. நீரோட்டமாவது மண்ணாங்கட்டியாவது! மச்சினன் வெளியூரிலிருந்து வந்து சேரும் வரைக்கும் இந்த ஆள் நாளை இழுத்தடிக்கிறார் என்று எனக்குள் முடிவு கட்டிவிட்டேன். அவர் ஸலாம் சொன்னதற்கும் பதில் சொல்லாமல் திரும்பினேன்.

புதன் பின்னேரம் பரீனா சல்லிக்குப் போய்க் காலைக் கொண்டு வந்தாள். பையிலிருந்து எடுத்தால் நீலம்! கடல் நீலம், பளபளப்பு.

“என்ன கோலமடி இது?”

“யாரோ போட்டுக்கு அடிச்ச மிச்ச நிறமாம். சாரத்துக்குள்ளதானே கிடக்கப் போகுது. போட்டுப் பாருங்க.”

போட்டேன். பிளவு இருந்த இடமே தெரியவில்லை. குதித்துப் பார்த்தேன், கல்லு மாதிரி இருந்தது. நீலத்தைப் பார்த்து ஏசிக்கொண்டே நித்திரைக்குப் போனேன். காலை வடிவாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

வியாழன் விடிய முதல் வலை. என்னைக் கண்டதும் முனீப், “இண்டைக்கு நீரோட்டம் திறம்” என்றார். நான் போய் என் இடத்தில் நின்றேன். படகு வலையை வளைத்துவிட்டு வந்தது. இழுக்கத் தொடங்கினார்கள். வலை கிட்ட வர, பக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் என் இடது கால் மேலே வந்தது. நான் தூக்கவில்லை, தானாக வந்தது. அமுக்கினேன். இன்னும் வேகமாக வந்தது. சாரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், அடுத்த அலைக்கு நான் மல்லாந்து விழுந்தேன். நீலக் கால் வானத்தைப் பார்த்துக்கொண்டு மிதந்தது.

“காக்கா, காலைக் கீழ போடுங்க!” என்று கரையிலிருந்து வல்லிபுரம் கத்தினான்.

“போனாத்தானேடா போடுறதுக்கு!”

கண்ணுக்கு முன்னால் அடிக்கயிறு எழும்பியது. வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு மீன் கீழால் போவதைப் பார்த்தேன். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. கையை மட்டும் விடவில்லை. விட்டால் பங்கு போகும், அது மட்டும்தான் அப்போது தலைக்குள் இருந்தது. அப்படியே கயிற்றோடு சேர்த்து என்னையும் மணலில் இழுத்துப் போட்டார்கள்.

வலையில் வந்தது ஒரு கூடை சாளையும் நானும்தான். “முதல் வலையில பெரிய மீன் இதுதான்” என்றார் முனீப். பதினேழு பேரும் சிரித்தார்கள்.

எனக்கு நெஞ்சு வெடித்தது. “சிரிக்காதீங்கடா! அவன் வேணுமெண்டு செஞ்சது இது! தம்பிக்குப் பழி வாங்கிட்டான் அந்தச் சல்லியான்!”

சிரிப்பு நின்றது. எல்லாரும் எனக்குப் பின்னால் பார்த்தார்கள். திரும்பினேன். சோமசேகரம் தோளில் பையோடு நின்றார். தன் வேலை கடலில் எப்படி நிற்கிறது என்று பார்க்க முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார்.

அவர் குந்தி இருந்து காலை முட்டியால் தட்டிக் கேட்டார்.

“ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகேல்ல. வேலையில பிழையில்லை.”

“அதுதான் பிழை!” என்றேன்.

“தண்ணி போகாதது பிழையோ?”

“அதில ரெண்டு ஓட்டை இருந்தது.”

“ஓம், கண்டனான். கணுக்காலில ஒண்டு, மேல ஒண்டு. ரெண்டையும் நல்ல வடிவா அடைச்சனான்.”

“அதை நான்தான் போட்டனான்!”

கால் உள்ளே வெறும் கோது. காற்று இருந்தால் மிதக்கும். அதற்காகத்தான் புதுக் கால் வந்த வருசமே நான் ஆணியைக் காய்ச்சி இரண்டு ஓட்டை குடைந்து வைத்தேன். கீழ் ஓட்டையால் தண்ணீர் ஏற, மேல் ஓட்டையால் காற்றுப் போகும், கால் தாழும். அதை யாருக்கும் சொன்னதில்லை, பரீனாவுக்குக் கூட.

சோமசேகரம் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். “நாப்பது வருசமா ஓட்டை அடைக்கிறன். தான் ஓடுற சாமானில தானே ஓட்டை போட்ட மனிசனை இண்டைக்குத்தான் காணுறன். ஏதும் சொல்ல இருக்கா எண்டு கேட்டனானா இல்லையா?”

“கேட்டீங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்டுமில்லை எண்டு.”

வல்லிபுரத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஐயோ கடவுளே! இந்த ஓட்டைக் காலுக்காகவா நாங்க நாலு நாள் கடலைப் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்?”

“வாயை மூடடா” என்றார் முனீப்.

“என்ன நாலு நாள்?” என்று கேட்டேன்.

“பின்ன என்ன காக்கா, நீரோட்டம் எண்டு சம்மாட்டி சொன்னதை நீங்களும் நம்பினீங்களா? இவருக்குப் போன் எடுத்து ரெசின் காஞ்சுதா, காஞ்சுதா எண்டு கேட்டுக்கொண்டெல்லோ இருந்தவர். உங்களுக்குச் சொன்னா வீம்புக்கு வரமாட்டீங்க எண்டு எங்க எல்லாற்ற வாயையும் கட்டிப்போட்டவர்.”

நாலு நாள். அமைதியான கடலை முன்னால் வைத்துக்கொண்டு பதினேழு பேர் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். மாரி முழுக்கத் தொழில் இல்லாமல் கிடந்து, பருவம் எப்போது தொடங்கும் என்று பார்த்திருந்த வீடுகள் அவை. அந்த வீடுகளின் குசினி எனக்குத் தெரியும், என்னுடையதும் அப்படித்தான். ஒருத்தன் கூட என்னிடம் முகத்தைக் காட்டவில்லை. பதாகை இல்லை, படம் இல்லை. நான் சந்தேகப்படுவதற்கு ஒரு இடம் கூட வைக்காமல் செய்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் நான் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

முனீப் தொண்டையைச் செருமினார். “கையை எடுக்கேல்ல, அதை எல்லாரும் பாத்தவங்கதான். பங்கு உங்கடது. ஆனா இப்ப ரெண்டாவது வலைக்குப் படகு போகுது. மிதிக்க ஆள் வேணும், காக்கா. கால் சரிவராட்டி வேற ஆளைத்தான் இறக்கோணும்.”

அது நியாயம். மீனை விட்டது நான்தானே.

“வலை வளைச்சு வர எவ்வளவு நேரம்?” என்று சோமசேகரம் கேட்டார்.

“முக்கால் மணித்தியாலம்.”

“ரெண்டு ஓட்டைக்கு அது காணும்.” பையைத் திறந்து கைத்துறப்பணத்தை எடுத்தார். “கழட்டுங்கோ, காக்கா.”

பதினாறு வருசத்தில் அந்தக் கரையில் நான் காலைக் கழற்றியதில்லை. கழற்றிக் கொடுத்தேன். சாரத்தை இழுத்து மொட்டைக் காலை மூடிக்கொண்டு இருந்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. சாளையைப் பொறுக்கினார்கள், பீடி பற்ற வைத்தார்கள், யாரோ எனக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணியை நீட்டிவிட்டுப் போனார்கள்.

சோமசேகரம் துறப்பணத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தார். நீலத் தூள் அவருடைய மடியில் கொட்டியது.

“நான் முந்திச் சொன்னது உங்களுக்குக் கேட்டதா?” என்றேன்.

“என்ர காது நல்லாத்தான் இருக்கு.”

“அது பிழை. நான் பிழையாச் சொல்லிட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க.”

அவர் ஓட்டைக்குள் ஊதித் தூளை வெளியேற்றினார். “கடல்ல மல்லாக்கக் கிடந்த மனிசன் நல்ல வார்த்தை சொல்லுவானோ? இந்தாங்கோ. உங்கட ஓட்டையைவிட இது ஒழுங்கான ஓட்டை.”

இரண்டாவது வலைக்கு இறங்கினேன். கணுக்காலில் தண்ணீர் ஏறுகிற சத்தம் குடத்தில் நீர் மொள்ளுகிற மாதிரிக் கேட்டது. முழங்காலுக்கடியில் காற்று முட்டை முட்டையாக வந்தது. கால் தாழ்ந்தது. அடிக்கயிறு தட்டுப்பட்டதும் ஏறி மிதித்தேன். அசையவில்லை. மிதித்து மிதித்துப் பின்னால் வந்தேன். கரையில் ஏலேலோ என்று குரல் எழும்பியது. வலைக்குள் ஒரு திருக்கை வாலைச் சுழற்றி நீலத்தில் ஒரு அடி அடித்துவிட்டுப் போனது. “அடியடா, நல்லா அடி” என்று அதற்குச் சொன்னேன். சந்தோசத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உப்புத் தண்ணீர் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

பாரை மீனும் கீரி மீனுமாக எட்டுக் கூடை. முனீப் பெரிய பாரை இரண்டைப் பொறுக்கி ஓலையில் கட்டிச் சோமசேகரத்தின் பைக்குள் போட்டார். வேண்டாம் என்றார் அவர். “உங்களுக்கில்லை, உங்கட மனிசிக்கு” என்று முனீப் சொன்னதும் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

தெருப்பக்கம் பஸ் ஹோர்ன் கேட்டது. அவர் பையைத் தோளில் மாட்டினார்.

நன்றி என்று ஒரு சொல் இருக்கிறது. எனக்கு அது வாயில் வராது. படம் எடுக்க வந்தவர்களுக்கு ஒரு தரம் சொன்னேன், அத்தோடு சரி. அதனால் அவரிடம் வேறொன்றைச் சொன்னேன்.

“இன்னுமொரு விசயம் இருக்கு.”

“என்ன?”

“உள்விளிம்பு. பின்பக்கம். நடக்க நடக்க வெட்டுது.”

“எத்தின நாளா?”

“ஏழு வருசமா.”

“ஏழு வருசமா!” பையைத் தொப்பென்று மணலில் போட்டார். “ஏழு வருசமா வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனீங்களோ? நீங்களும் ஒரு மனிசனோ, காக்கா? எங்க, காட்டுங்கோ பாப்பம்.”

காலைக் கழற்றினேன். இந்த முறை சாரத்தை இழுத்து மூடவில்லை. புண்ணையும் காட்டினேன். அவர் விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, பைக்குள் கையை விட்டு அரத்தாளைத் தேடினார்.

“பஸ் போகுது” என்றேன்.

“போகட்டும். அடுத்தது வரும்தானே” என்று சொல்லிவிட்டுத் தேய்க்கத் தொடங்கினார்.